இழைக்கும் முன் ஒரு சொட்டு

மலைநகரத்துப் பழைய பங்களாவில் பர்மா தேக்குத் தரை மங்கிவிட்டதா? மெஷின் வைத்து இழைக்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பது மரமல்ல, மேல்பூச்சுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால், 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒரு கோட் வார்னிஷ் அடித்தாலே போதும். தண்ணீரை உறிஞ்சி மரம் கறுத்தால்தான் இழைக்க வேண்டும். மெழுகு போட்ட தரையில் வார்னிஷ் ஒட்டாது; மெழுகாலேயே மெருகேற்ற வேண்டும்.

ஒவ்வொரு இழைப்பிலும் பலகை மெலிகிறது. சில முறைக்கு மேல் தாங்காது. மியான்மர் 2014இல் அறுக்காத மரத்தின் ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டதால், அதே தேக்கில் மாற்றுப் பலகை எளிதில் கிடைக்காது. தினமும் மிருதுவான துடைப்பத்தால் மணலைக் கூட்டி எடுங்கள். பூச்சு பல ஆண்டு வரும்.