மெயினை அணைத்தால் கூலி குறையுமா?



பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும், கேட் போடுகிற சின்னப் பட்டறை முதல் லாரி பாடி கட்டுகிற பெரிய ஷெட் வரை, நம் ஊர்ப் பிள்ளைகள் வெல்டிங் வேலையில் இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேராவது இந்தத் தொழிலில் உண்டு. முன்பெல்லாம் கையில் ஹோல்டர், அதில் ஒரு ராடு. ராடு தீர்ந்தால் கை நின்று அடுத்ததை மாட்டும். இப்போது பல இடங்களில் சிஓடூ மெஷின் வந்துவிட்டது. ஒயர் ஃபீடர் என்கிற பெட்டி 15 கிலோ கம்பிச் சுருளைத் தாங்கிக்கொண்டு, ரோலரால் பிடித்து, டார்ச்சின் முனை வரை தள்ளிக்கொண்டே இருக்கிறது. கை நிற்க வேண்டியதில்லை. ஆகவே உற்பத்தியும் நிற்பதில்லை. முதலாளிக்கு மகிழ்ச்சி. நமக்கும் ஆட்சேபம் இல்லை. புது மெஷினைக் கண்டு பயந்து கூச்சல் போடுகிறவர்கள் அல்ல நாம்.

நம் கேள்வி வேறு. அந்தப் பெட்டிக்குள் பையனின் விரல் மாட்டினால், கம்பி அவன் உள்ளங்கையைத் துளைத்தால், மேஸ்திரி முதல் முதலாளி வரை எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான் வருகிறது: கவனக்குறைவு. யாருடைய கவனக்குறைவு?

நான் வெல்டர் அல்ல, ரயில்வே குமாஸ்தா. ஆனால் நாலைந்து வருஷமாக வெல்டிங் பிள்ளைகளின் விபத்து மனுக்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். மனு எழுத வேண்டுமானால் மெஷினைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கம்பியின் கனம் 0.8 மில்லிமீட்டர், அல்லது 1.2 மில்லிமீட்டர். அது நிமிடத்துக்கு 5 மீட்டர், 10 மீட்டர் என்று ஓடுகிறது. வெட்டிய முனை ஊசி போல இருக்கும். தோல் கையுறையையும் துளைத்துக்கொண்டு போகும். இது ஒரு ஆபத்து. இதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று. டார்ச்சின் டிரிக்கரை அழுத்தினால் முனையில் மட்டும் கரண்ட் இருப்பதாகப் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. முனையிலிருந்து சுருள் வரை கம்பி ஒரே கம்பி. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் சுருளும், ரோலரும், கம்பியைத் தொடும் இரும்பு எல்லாமும் வெல்டிங் கரண்டின் பிடியில்தான் இருக்கின்றன. வேர்த்த கையோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு, கதவைத் திறந்து ரோலரைத் தொடுகிற பையனுக்கு இதைச் சொன்னவர் யார்?

சரி, அவன் ஏன் கதவைத் திறக்கிறான்? விளையாடவா திறக்கிறான்? கம்பி அடைத்துக்கொண்டது, அதனால் திறக்கிறான். ரோலருக்கும் டார்ச் கேபிளின் வாய்க்கும் நடுவில் கம்பி குருவிக்கூடு மாதிரி சுருண்டு நிற்கும். ஏன் அடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வண்டவாளம் எல்லாம் வெளியே வரும்.

டார்ச் முனையில் இருக்கும் செப்பு டிப்பின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது, அல்லது தெறித்த பொறி அதில் ஒட்டிக்கொண்டது; மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கூட இல்லை அந்த டிப்பின் விலை! கேபிளுக்குள் ஓடும் லைனரில் தூசியும் செப்புத்தூளும் அடைந்திருக்கிறது. ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் ஈரமில்லாத காற்றை அடித்து ஊத வேண்டும், ஊதவில்லை. சுருள் மழைக்காலம் முழுவதும் திறந்து கிடந்து துருப்பிடித்திருக்கிறது. அதையே மாட்டச் சொல்கிறார்கள். 0.8 கம்பிக்கு 1.2 ரோலரைப் போட்டு ஓட்டுகிறார்கள். பள்ளம் பெரிது, கம்பி வழுக்குகிறது. வழுக்குகிறதே என்று மேலேயிருக்கும் திருகை முடிந்த மட்டும் இறுக்குகிறார்கள். அதிகம் இறுக்கினால் கம்பி நசுங்குகிறது, மேலே பூசிய செம்பு உதிர்ந்து லைனருக்குள் போகிறது, மறுபடி அடைப்பு. சுருளைப் பிடித்திருக்கும் பிரேக் தளர்ந்திருந்தால் டிரிக்கரை விட்ட பிறகும் சுருள் சுற்றிக் கம்பி அவிழ்கிறது. அதிக இறுக்கமாக இருந்தால் ரோலர் இழுக்க முடியாமல் திணறுகிறது.

விரல் மாட்டியது ரோலரில்தான். ஆனால் அந்த விபத்து தொடங்கியது மாற்றிக் கொடுக்காத டிப்பில், ஊதாத லைனரில், துருப்பிடித்த சுருளில். இவை பையனின் கையில் இருக்கும் விஷயங்களா? ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் தெருப் பையன் ஒருவன், இருபது வயது. கம்பி வரவில்லை. டார்ச்சின் முனையை இடது கைக்கு நேராக வைத்துக்கொண்டு, வருகிறதா பார்ப்போம் என்று டிரிக்கரை அழுத்தினான். அடைப்பு விட்டது. கம்பி கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்து நின்றது. காண்ட்ராக்டர் அவனை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு, கையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, யார் கேட்டாலும் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். ஈ.எஸ்.ஐ.யில் பெயரே பதிவாகவில்லை. ஒரு மாதம் வீட்டில் இருந்தான். வீட்டு வேலைக்குப் போகிற அவன் அம்மாதான் அந்த மாதம் அடுப்பு எரித்தார். இன்றும் அவனால் அந்தக் கையை இறுக மூட முடியவில்லை. நானும் இரண்டு தோழர்களும் போய்க் கேட்டோம். "கவனக்குறைவுங்க" என்றார்கள். மெஷினோடு வந்த புத்தகம் எங்கே என்று கேட்டோம். ஆபீஸ் பீரோவில் இருந்தது, இங்கிலீஷில், பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காமல்!

முனையை முகத்துக்கோ கைக்கோ ஆளுக்கோ நேராகக் காட்டாதே என்பது எந்த ஃபீடர் புத்தகத்திலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும் எச்சரிக்கை. கம்பி கோக்கும்போது டிப்பைக் கழற்றிவிட்டு, கேபிளை நேராக நீட்டிப் போட்டு, டிரிக்கரை விட்டுவிட்டு இன்ச் பட்டனை அழுத்த வேண்டும். பல மெஷின்களில் அந்தப் பட்டனுக்குக் கம்பி மட்டும் ஓடும், கரண்டும் கேஸும் வராது. ரோலர் அழுத்தம் சரியா என்று பார்க்க முனையைக் காய்ந்த மரக்கட்டைக்கு எதிரே கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஓட்டினால் கம்பி முட்டி வளைந்து சுருள வேண்டும். வளையாமல் ரோலர் வழுக்கினால் இன்னும் சற்று இறுக்கு, அவ்வளவுதான். புதுச் சுருளின் நுனியை வெட்டும்போது இன்னொரு கையால் கம்பியை விடாமல் பிடித்திரு, விட்டால் ஸ்பிரிங் மாதிரி கண்ணுக்கு நேரே பாயும். இதெல்லாம் சொல்லிக் கொடுக்க அரை நாள் போதும். அந்த அரை நாளை எந்தக் காண்ட்ராக்டர் கொடுத்தான்?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. சுருள் மாற்றவோ, ரோலர் மாற்றவோ, அடைப்பு எடுக்கவோ கையை உள்ளே விடுமுன் மெயினை அணை. அணைத்து, மறுபடி போட அரை நிமிடம். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கூலி பீஸ் கணக்கில். அடைப்பு எடுத்து, லைனரை ஊதி, கம்பி கோத்து, அழுத்தம் பார்க்கப் போகும் கால் மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. நாளைக்கு நாலு முறை அடைத்தால் ஒரு மணி நேரம் முதலாளியின் மெஷினுக்கு இலவசப் பராமரிப்பு! அந்த ஒரு மணியைக் கொஞ்சமாவது குறைக்கத்தான் பையன் மெயினை அணைக்காமல் கையை விடுகிறான். பீஸ் ரேட்டைப் போட்டவன் எவனோ அவன்தான் அந்தக் கையைப் பிடித்து உள்ளே விடுகிறான் என்று நான் சொல்வேன். மிகையென்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த ஷெட்டில் நின்று பார்க்கட்டும்.

ரயில்வேயில் தலைக்கு மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட். பவர் பிளாக் கொடுத்து, கரண்டை நிறுத்தி, எர்த் போட்டு, வேலை செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி கைக்கு வராமல் ஒருவரும் அந்தக் கம்பியில் கை வைக்கக் கூடாது. ரயிலே தாமதமானாலும் இதுதான் விதி. ரயில்வே ஒன்றும் புண்ணிய பூமி இல்லை. தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் அடிபட்டுச் சாவது இன்னும் நிற்கவில்லை, அது வேறு கட்டுரை. ஆனால் நிறுத்திவிட்டுத் தொடு என்பதை அங்கே யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. நிறுத்தும் நேரமும் வேலை நேரம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948 ஆம் ஆண்டின் ஃபாக்டரி சட்டத்தில் 1987 இல் ஒரு திருத்தம் வந்தது: வேலையிலுள்ள ஆபத்து பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று. அந்தச் சட்டம் போய், 2020 இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தகவல் கேட்கும் உரிமை அதிலும் இருக்கிறது. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டையும் போட்டிருக்கிறார்கள். முன்பு மின்சாரம் வைத்து ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே ஃபாக்டரி. இப்போது 20 பேர் வேண்டும். நம் பிள்ளைகள் வேலை செய்யும் ஷெட்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன! ஆனாலும் 10 பேர் இருந்தால் முதலாளியின் பாதுகாப்புக் கடமை போய்விடவில்லை, ஈ.எஸ்.ஐ.யும் போய்விடவில்லை. பதிவு இருந்தால், அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். பைக்கிலிருந்து விழுந்தவனுக்கு என்ன கிடைக்கும்?

விரலுக்கும் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. 1923 ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் சுட்டுவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் நஷ்டம், கட்டைவிரல் போனால் 30 என்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்கூட விரலுக்கு ஒரு கணக்கு வைத்தது. நம் காண்ட்ராக்டர் உள்ளங்கைக்கு வைத்தது இரண்டாயிரம்.

முதலாளியை மட்டும் ஏசிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. நம் சீனியர் வெல்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணே, பெட்டிக் கதவைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு ஓட்டுவது யார்? ஓடுகிற ரோலரில் விரலால் கம்பியைத் தள்ளிக் காட்டி, "இதான்டா தொழில்" என்று ஹெல்பர் பையனிடம் பெருமை பேசுவது யார்? எர்த் கிளாம்பை வேலைப் பொருளில் மாட்டாமல் பத்தடி தள்ளி ஷெட் தூணில் மாட்டுவது யார்? கேஸ் சிலிண்டரைச் சங்கிலி போடாமல் சுவரில் சாய்ப்பது யார்? மூடிய தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்யும்போது அந்த சிஓடூ, காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி மூச்சை அடைக்கும் என்று தெரிந்தும் வெளியே ஒரு ஆளை நிறுத்தாமல் பையனை இறக்குவது யார்? உங்கள் கையில் விரல் பத்தும் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அதைப் பாடமாக நடத்தாதீர்கள்.

தாய்மார்களே, சகோதரிகளே! சம்பளக் கவரை வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு எங்கே? அடைப்பு எடுக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? வீட்டில் கேட்கிற கேள்விதான் மறுநாள் ஷெட்டுக்குப் போகிறது.

நாம் கேட்பது இவ்வளவுதான். சுருள் மாற்றுவது, அடைப்பு எடுப்பது, லைனர் ஊதுவது எல்லாம் கூலியுள்ள வேலை நேரம். டிப்பும் லைனரும் சரியான ரோலரும் மெஷின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். ஸ்டோர் சாவிக்காகக் காத்து நிற்கக் கூடாது. மெயின் சுவிட்ச் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடிபட்டால் அன்றைக்கே விபத்து நோட்டில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். ஃபீடர் கதவின் மேல், அந்த ஷெட்டில் யார் யார் வேலை செய்கிறார்களோ அவரவர் மொழியில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒரே மெஷினில் பகலில் தமிழன், இரவில் ஒரிசாக்காரன், ஓ.டி.யில் பீகார்காரன், மேற்பார்வைக்குக் கன்னடக்காரர். கம்பி யாருடைய கையிலும் ஒரே மாதிரிதான் ஏறும்.

ஞாயிறு மாலை சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உங்கள் மெஷினின் பெயரையும் மாடல் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் புத்தகத்தையே கேட்டு வாங்கி வாருங்கள். தமிழில் நான் எழுதித் தருகிறேன். கன்னடத்துக்கும் இந்திக்கும் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரியா எழுதத் தெரிந்தவர் யாராவது உங்கள் ஷெட்டில் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.