பிள்ளையின் மேதைமையும் தந்தையின் கணக்கும்

மேதைப் பிள்ளைகளை 'ஆக்கிய' தந்தையரை வியந்து போற்றும் வழக்கம் கற்றோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மூன்று வயதிற் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்கத் தொடங்கிய ஜோன் ஸ்ரூவட் மில்லே இதற்கு முதற் சான்றாகக் காட்டப்படுபவர். தந்தை ஜேம்ஸ் மில்லின் கண்டிப்பு இல்லையேல் அத்தகைய சிந்தனையாளர் தோன்றியிருப்பாரா என்று கேட்போர் பலர். அவர்கள் 1873இல் வெளிவந்த மில்லின் சுயசரிதையைப் படிக்காதவர். அன்றேல், படித்தும் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டவர்.

அந்நூலில் ஒரு செய்தி வருகின்றது. பதினான்காம் அகவையில் நெடும்பயணம் ஒன்றிற்கு மகன் புறப்படவிருந்தபோது, ஏனையோரினும் அவன் மிகுதியாக அறிந்திருப்பது அவனது தகுதியாலன்று, கற்பிக்க வல்ல தந்தை வாய்த்த பேற்றினாலேயே என்று ஜேம்ஸ் மில் எடுத்துரைத்தார். செருக்கினைத் தடுப்பதே அவர் நோக்கம் என்பதை மறுத்தற்கில்லை. மகனும் இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயின், பெற்ற அறிவு முழுவதும் தந்தையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டபின் மகனுக்கென எஞ்சியது யாது?

விடை 1826இல் வெளிப்பட்டது. தன் இலட்சியங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினால் மகிழ்ச்சி உண்டாகுமா என இருபது வயது மில் தன்னைத் தானே வினவினார். இல்லை என்றது உள்ளம். திங்கட் கணக்கில் நீடித்த அத்துயரை எவரிடமும் சொல்ல இயலவில்லை. உதவி நாடத்தக்கவருள் தந்தையே கடையர் என்று அவர் கருதினார். அவரது இறுக்கத்தைத் தளர்த்தியது பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொந்தெலின் நினைவுக் குறிப்புகளில் ஒரு பகுதி. அப்பகுதி கூறுவது ஒரு தந்தையின் மரணத்தை! அதனைப் படித்து மில் கண்ணீர் உகுத்தார். உளநூலார் இதற்கு என்ன விளக்கம் தருவர் என்பது ஒருபுறமிருக்க, தந்தையைப் போற்றுவோர் இப்பக்கத்தை மட்டும் எவ்வாறு புரட்டிச் செல்கின்றனர் என்பதே வியப்புக்குரியது.

இது தனியொரு குடும்பத்தின் கதையன்று. பின்னாளிற் சைபர்னெற்றிக்ஸ் துறையை நிறுவிய நோபேட் வீனர் பதினொரு வயதிற் பல்கலைக்கழகம் புகுந்து, 1913இல், பதினெட்டு வயதிலேயே ஹாவட்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மகனிடம் தனித்திறன் எதுவும் இல்லை, எல்லாம் தம் பயிற்சியின் விளைவே என்று தந்தை லியோ வீனர் பகிரங்கமாக அறிவித்தார். வெற்றி தந்தைக்கு, தோல்வி தனக்கு எனத் தான் உணர நேர்ந்ததை 1953இல் வெளிவந்த தன்வரலாற்றில் மகன் கசப்போடு பதிவு செய்துள்ளார்.

அவருடைய காலத்திலேயே, 1909இல், பதினொரு வயதில் ஹாவட்டிற் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் மறுவருடம் கணித அறிஞர் முன் நாற்பரிமாண உருவங்கள் பற்றி விரிவுரையாற்றினார். உளவியலாளரான தந்தை போறிஸ் சிடிஸ் தம் கல்வி முறையை உலகுக்குப் பரிந்துரைத்து 1911இல் நூலும் வெளியிட்டார். மகனோ வளர்ந்தபின் சாதாரண எழுதுவினைஞர் வேலைகளிற் காலங்கழித்தார். டிராம் வண்டிப் பயணச் சீட்டுகளைச் சேகரித்தார். அவை பற்றி 1926இல் புனைபெயரில் ஒரு நூலும் எழுதினார். அவரது ஒதுங்கிய வாழ்வை 1937இற் சஞ்சிகை ஒன்று அம்பலப்படுத்தியது. அவர் தொடுத்த வழக்கு 1940இற் தோற்றது. 1944இல், நாற்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். மில்லைக் காட்டித் தந்தையரைப் புகழ்வோர் சிடிஸைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

இலங்கையில் இதே கணக்கு ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் வீடுதோறும் எழுதப்படுகின்றது. வறிய கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்க வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. அந்நோக்கம் இன்றும் சில பிள்ளைகளுக்கேனும் நிறைவேறுகின்றது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் வசதி படைத்த பெற்றாருக்கு அது பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றப்பட்ட குடும்ப கௌரவமாகிவிட்டது. விளையாட்டு வேளையைத் தனியார் வகுப்பு விழுங்குகின்றது. பெறுபேறு வெளியானதும் சித்தியடைந்த பிள்ளையின் படத்தைத் தனியார் கல்வி நிலையம் பதாகையிற் பொறிக்கின்றது. பெற்றார் தம் தியாகத்தை உறவினர்க்கு விரித்துரைக்கின்றனர். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளைக்குப் பதாகை இல்லை. அன்று வீட்டில் தியாகம் பற்றிய பேச்சும் எழுவதில்லை. "கவனமில்லாத பிள்ளை" என்ற சொல் மட்டுமே எழுகின்றது.