கட்டிக்கிடக்கும் நாயின் மௌனம்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் இருவகை நாய்களைக் காண்கிறோம். ஒன்று ஒழுங்கைக்கே பொதுவானது. எந்த வீட்டில் எப்போது மீன் கழுவுவார்கள், மதியத்தில் எங்கே நிழல் விழும் என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. மற்றையது உயர்ந்த மதிலுக்குள் சங்கிலியில் கிடப்பது. அதற்கு வேளை தவறாத சோறுண்டு, தடுப்பூசியும் உண்டு. செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

பசியும் நோயும் வாகனங்களும் நிறைந்த தெருநாயின் வாழ்வை நாம் மெச்சவில்லை. ஆயினும் அதன் மூளைக்கு நாள் முழுவதும் வேலை இருக்கிறது.

“எங்கள் நாய் சாது, சத்தமே போடாது” என்று பெருமைப்படுகிறோம். அந்த மௌனம் திருப்தியின் அடையாளந்தானா? அமெரிக்க உளவியலாளரான மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் 1967இல் கொடூரமான பரிசோதனையொன்றின் முடிவை வெளியிட்டனர். தப்ப வழியின்றி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களிற் பல, பின்னர் வழி கிடைத்தபோதும் அசையாது கிடந்தன. 2016இல் அவ்விருவருமே தமது விளக்கத்தைத் திருத்தினர். செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொண்டதன்று. நீடித்த துன்பத்துக்கு அதுவே இயல்பான எதிர்வினை. தன் முயற்சியால் நிலைமையை மாற்றலாம் என்பதே கற்கப்பட வேண்டியது என்றனர்.

சங்கிலியும் மின்னதிர்ச்சியும் ஒன்றல்ல. ஆனால் குரைத்தாலும் குழைந்தாலும் எதுவும் மாறாத வாழ்வில் நாய் எதைக் கற்கும்? சில நாய்கள் ஓயாது குரைக்கின்றன, சில தம் காலையே நக்கிப் புண்ணாக்குகின்றன, சில கடிக்கின்றன. கடித்துவிட்டால் பொல்லாத நாய் என்று பெயரிட்டு, கால்வாய்க் கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். பிழை யாருடையது?

பரிகாரத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை. மாலையில் இருபது நிமிடம் நடத்திச் செல்வோம். அவசரப்பட்டு இழுக்காமல் நின்று முகர விடுவோம். நாம் பத்திரிகை வாசிப்பதுபோல நாய் தெருவை மூக்கால் வாசிக்கிறது. சோற்றில் ஒரு பங்கைச் சிரட்டைகளின் கீழோ, பழைய சாக்கின் மடிப்புகளிலோ ஒளித்துத் தேட வைப்போம். “இரு”, “வா” என்று தினமும் ஐந்து நிமிடம் பழக்கி, சொன்னதைச் செய்தவுடன் முள் நீக்கிய மீன்துண்டொன்று கொடுப்போம். பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, பிள்ளைகளும் இதில் பங்குபெறலாம். அமெரிக்காவில் சேசர் என்ற நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பெயர்களைக் கற்றதை 2011இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது. நம் முற்றத்து நாய்க்கு அத்தனை பெயர்கள் வேண்டாம். கற்க ஏதேனும் இருந்தாற் போதும்.

உணவு கொடுத்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் கிராமப் பணியில் நாம் கண்டிருக்கிறோம். முயற்சிக்குப் பலன் கிடைக்கும் இடத்திலேதான் உயிர் துளிர்க்கிறது. நம் வாசலில் வாலாட்டும் சீவனுக்கும் இது பொருந்தும் என்பதைச் சிந்திப்போமாக.