உருக்கு வீட்டை மறுத்தோம்; எத்தகைய வீட்டைக் கட்டினோம்?

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் வீடிழந்த குடும்பங்களுக்கு 65 ஆயிரம் உருக்கு வீடுகளை அமைத்துக்கொடுப்பதற்கு 2016ஆம் ஆண்டில் அன்றைய அரசாங்கம் முன்வைத்த திட்டம் கிளப்பிய சர்ச்சையை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். வெளிநாட்டு நிறுவனமொன்று கொண்டுவந்து பொருத்தித்தரவிருந்த அந்த வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்திய வீடமைப்புத் திட்டத்திலோ ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாதான் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அத்திட்டத்தில் முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். அதன் பின்னர் வேலை பயனாளிகளின் கைக்கே வந்தது. பணம் போதாமல் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு என்றாலும், சுவரை எங்கே எழுப்புவது, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதைக் குடியிருக்கப்போகிறவரே தீர்மானித்தார்.

உருக்கு வீடு எமது வெக்கைக்கு ஒத்துவராது, அதன் அத்திவாரமும் போதாது என்று பொறியியலாளர்கள் எச்சரித்தார்கள். விறகு வைத்து எரிக்க அடுப்படி எங்கே என்று கேட்ட பெண்களின் கேள்வியும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. எதிர்ப்பு வலுத்து, திட்டம் அந்த அளவில் நிறைவேறாமல் போனது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே இன்றும் எனது கருத்து. ஆனால், உருக்கு வீட்டை வேண்டாம் என்று சொன்ன நாம் சொந்தக் காசில் எத்தகைய வீடுகளைக் கட்டினோம் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் குடாநாட்டில் எழுந்திருக்கும் வீடுகளைப் பாருங்கள். தட்டையான கொங்கிறீற் கூரை. மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி யன்னல். வளவில் நின்ற மாவும் வேம்பும் தறிக்கப்பட்டு, மதில்வரை பதிக்கப்பட்ட சீமெந்துக் கல். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுக்கு நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இருப்பார்கள். குற்றத்தை மற்றவர்கள் மீது மாத்திரம் சுமத்துவதற்கில்லை. நான் கட்டிய வீட்டின் மேல்மாடி அறையில் பகல் வேளையில் எனது புத்தகங்களால் மாத்திரமே இருக்க முடிகிறது!

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வருகிறது. எனவே எமது வீட்டில் வெக்கையை முதலில் வாங்குவது கூரைதான். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் கொங்கிறீற், இரவில் அதை அறைக்குள்ளேயே விடுகிறது. பழைய நாற்சார் வீட்டைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. உயர்ந்த ஓட்டுக் கூரை, அதன் அடியில் வெப்பக் காற்று வெளியேற வழி, நடுவில் திறந்த முற்றம், சுவரில் வெயில் படாமல் காக்கும் விறாந்தை. நான் பழைமைக்குப் பாட்டுப் பாடவில்லை. ஓலை வீடுகள் தீப்பிடித்தன, மழைக்கு ஒழுகின, அடிக்கடி வேய வேண்டியிருந்தன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் முன்னால் ஓலையும் நிற்கவில்லை, தகரமும் நிற்கவில்லை. தேவையானது பழைய வீடு அல்ல, அதன் பின்னால் இருந்த கணக்கு.

கூரை என்றதும் இன்னொரு கதை. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவெடுத்திருந்த வேளையில், 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான். கொழும்பு உடனே கட்டுப்பாட்டைக் கைவிட்டது. ஏழை வீட்டுக் கூரையின் தலைவிதி ஒரு வண்டினால் நிர்ணயிக்கப்பட்டது!

கட்டப்போகிறவர்கள் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவை உண்டு. நான்கு புறமும் சரியும் கூரை காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால், மரத்தைச் சுவருடன் இரும்புப் பட்டியால் பிணைக்குமாறு மேசனிடம் நின்று சொல்லவேண்டும். மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய கட்டிகளுக்குச் சூளை விறகு வேண்டாம். ஆற்று மணலும் குறைவாகவே செல்லும். எல்லாவற்றிலும் முக்கியம் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கினால்தான் கிணறு. ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் ஆயிரம் சதுர அடிக் கூரை மீது விழுவது ஓர் இலட்சம் லீற்றருக்கும் மேல். பீலி வைத்து அதைத் தொட்டிக்கும் கிணற்றடிக் குழிக்கும் விடுவதற்குப் பதிலாக, முற்றத்தைச் சீமெந்தால் மூடி, ஒழுங்கைக்குத் தள்ளிவிடுகிறோம். பிறகு கிணறு வற்றுகிறது, உவராகிறது என்று முறையிடுகிறோம்.

இந்தப் பழைய விவகாரங்களை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் 600க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட டித்வா புயலுக்குப் பின்னர் நாடு மீண்டும் வீடுகளைப் பற்றிப் பேசுகிறது. வழக்கம் போல எத்தனை வீடுகள் என்பதே பேச்சு. மலையகத்தில் முதல் கேள்வி கூரையுமல்ல, சுவருமல்ல, நிலம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயன்களில் வாழ்ந்தவர்களின் சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எழுந்து போவதற்கு அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. இப்போது வீடு தருவதாகச் சொல்பவர்கள் அதை எந்தச் சரிவில் கட்டப்போகிறார்கள்? அந்த இடத்தைத் தெரிவு செய்வது தோட்ட நிர்வாகமா, கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கு குடியிருக்கப்போகும் குடும்பமா? வரைபடம் கீறுவதற்கு முன்னர் இதற்குப் பதில் வரவேண்டும்.