கம்ப்யூட்டரும் சர்வேயரும்

முன்னாளில் தாம்பரத்தில் மனை வாங்கியவர் பட்டாவுக்காகக் கர்ணத்தின் திண்ணையில் காத்திருந்தார். 1980-ல் கர்ணம் உத்தியோகம் ஒழிந்தது. காத்திருத்தல் தாலுகா ஆபீஸுக்குக் குடிபெயர்ந்தது! இப்போதோ, விற்றவர் பெயரில் பட்டா இருந்து, உட்பிரிவின்றி நிலம் முழுதும் கைமாறினால், பத்திரம் பதிவானதும் கம்ப்யூட்டரே பெயரை மாற்றிவிடுகிறது. பேஷ்! ஆனால் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வயல்கள் துண்டு துண்டாகவல்லவோ விலைபோயின? உட்பிரிவு செய்ய வேண்டுமென்றால் சர்வேயர் நேரில் வந்து அளந்தாக வேண்டும். எந்த யந்திரம் வரப்பில் இறங்கி நடக்கும்? அவர் வருமளவும் ஏழை குமாஸ்தா வாங்கிய அரை கிரவுண்டு, பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கிறது. வீடு கட்டப் பாங்கியில் கடன் கேட்டாலோ, "தனிப் பட்டா எங்கே?" என்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கிய சர்க்கார், அளப்பதற்குப் போதிய ஆட்களையும் நியமிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.