காய்ச்சல் உங்களுக்கா, டாக்டருக்கா?

லீவ் லெட்டரில் பலரும் எழுதும் வாக்கியம் இது: ‘ஹேவிங் ஹை ஃபீவர், தி டாக்டர் அட்வைஸ்டு மீ டு டேக் ரெஸ்ட்.’

ஆங்கில இலக்கணப்படி இதில் காய்ச்சல் வந்திருப்பது டாக்டருக்கு!

‘ஹேவிங்’, ‘வாக்கிங்’ போன்ற ‘இங்’ சொல்லில் வாக்கியத்தைத் தொடங்கினால், கமாவுக்கு அடுத்து வரும் எழுவாய்தான் அதற்குச் சொந்தக்காரர். இங்கே அந்த இடத்தில் டாக்டர் நிற்கிறார். சொந்தக்காரர் இல்லாமல் இப்படித் தொங்கும் சொற்களுக்கு ‘டேங்லிங் மாடிஃபையர்’ என்று பெயர்.

நமக்கு இந்தத் தவறு சுலபமாக வரக் காரணம் உண்டு. ‘ரோட்டில் நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது’ என்கிறோம். நடந்தது யார் என்று தமிழில் சொல்லவே வேண்டாம். அதையே ‘வாக்கிங் ஆன் தி ரோடு, தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்றால், மழை நடந்து போகிறது!

திருத்துவது எளிது. விட்டுப்போன ஆளை உள்ளே கொண்டுவாருங்கள்.

‘ஆஸ் ஐ ஹேட் ஹை ஃபீவர், தி டாக்டர் அட்வைஸ்டு மீ டு டேக் ரெஸ்ட்.’

‘வைல் ஐ வாஸ் வாக்கிங் ஆன் தி ரோடு, தி ரெயின் ஸ்டார்ட்டட்.’

இன்னொரு வகை, இடம் மாறி உட்காரும் சொற்கள். ஆபீஸ் போகும் வழியில் குரங்கைப் பார்த்தீர்கள். ‘ஐ சா எ மங்கி கோயிங் டு ஆபீஸ்’ என்றால், ஆபீஸுக்குப் போவது குரங்கு! ‘ஆன் மை வே டு ஆபீஸ், ஐ சா எ மங்கி’ என்பதே சரி.

‘ஒன்லி’ விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தமிழில் ‘மட்டும்’ சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’யை அந்தச் சொல்லுக்கு முன்னால் வையுங்கள்.

‘ஒன்லி ரவி பெய்டு 500 ருபீஸ்.’ ரவி மட்டும்தான் 500 ரூபாய் கட்டினார், மற்றவர்கள் கட்டவில்லை.

‘ரவி பெய்டு ஒன்லி 500 ருபீஸ்.’ ரவி கட்டியதே 500 ரூபாய்தான்.

சீட்டுப் பணக் கணக்கில் இது இடம் மாறினால் சண்டைதான்!

பேச்சில் இதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் அப்படியில்லை. படிப்பவருக்கு உங்களைத் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அனுப்பும் முன், கமாவுக்கு அடுத்து நிற்பவரைப் பார்த்து, ‘இவரா அதைச் செய்தார்?’ என்று ஒருமுறை கேளுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: ‘ஆஃப்டர் ஃபினிஷிங் பி.காம்., மை ஃபாதர் சென்ட் மீ டு சென்னை.’

இதில் பி.காம். முடித்தது யார்? அது நீங்கள்தான் என்றால் எப்படி எழுத வேண்டும்? எழுதி வையுங்கள். அடுத்த வாரம் சரிபார்ப்போம்.