பாறையை நம்பித் தறிக்கூடம் கட்டலாமா?

“பூகம்பமெல்லாம் குஜராத்துக்கும் இமயமலைக்கும்தான், நமக்கு எதுக்கு அந்தக் கவலை?” விசைத்தறியை நம்பி வாழும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பரவலாக உள்ள எண்ணம் இது. இதற்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

‘தெற்கே கெட்டிப் பாறை, அசையாது.’ 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் குலுங்கியது அந்தத் தக்காணப் பாறைதான். ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். தமிழகத்திலேயே 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியை 6 ரிக்டரை ஒட்டிய நடுக்கம் உலுக்கியிருக்கிறது.

‘வரைபடத்தில் நாம் இரண்டாம் மண்டலம்.’ 2002-இல் திருத்திய நிலநடுக்க மண்டல வரைபடம் இந்தப் பகுதியை ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வைத்தது உண்மை. ஆனால் குறைவு வேறு, இல்லாமை வேறு. கில்லாரி அன்று அதற்கும் கீழான முதல் மண்டலத்தில் இருந்தது. அந்த முதல் மண்டலமே பிறகு நீக்கப்பட்டு, இரண்டாவதோடு சேர்க்கப்பட்டது.

‘எங்கோ நடந்தால் இங்கே தொழிலுக்கு என்ன?’ 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. காண்ட்லா துறைமுகமும் சேதமடைந்தது. 1967 டிசம்பர் 11 அன்று வந்த நிலநடுக்கத்தில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை உடையவில்லை, விரிசல்தான் கண்டது. ஆனாலும் அங்கிருந்து வந்த மின்சாரம் தடைப்பட்டதால் பம்பாய்த் தொழிற்சாலைகள் முடங்கின. நம் தறிக்கூடத்தின் சுவர் நின்றாலும், கரண்ட் வராவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அந்த வாரக் கூலியும் இல்லை.

‘செலவு தாங்காது.’ கில்லாரியில் உயிர்களைக் குடித்தவை மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர்களும், அவற்றின்மேல் ஏற்றிய கனத்த மண் கூரைகளும். கட்டும்போதே ஜன்னல், கதவுகளுக்கு மேலே நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓட்டுவதும், மூலைகளில் செங்குத்துக் கம்பி நிறுத்துவதும், கூரைச் சட்டத்தைச் சுவரோடு போல்ட்டு போட்டு இறுக்குவதும் கொத்தனாருக்குக் கைவந்த வேலைகள். மொத்தச் செலவில் இவை சிறு பங்கே. இடிந்ததைத் திரும்பக் கட்டுவதும், நசுங்கிய தறிக்குப் பதில் வேறு தறி வாங்குவதும்தான் தாங்க முடியாத செலவு.

தறி உரிமையாளர்களே, அடுத்த கூடத்துக்கு வானம் தோண்டும் முன் ஒரு பொறியாளரிடம் கட்டட வரைபடத்தைக் காட்டுங்கள். நகராட்சியும் அனுமதி தரும்போது இந்தப் பட்டை இருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்திட வேண்டும். அந்தக் கூரையின் கீழ் வேலை செய்பவர்களின் உயிர் இதில்தான் இருக்கிறது.